‘ஓடுற சிக்னல்’ போடக் கொடுக்கிறவர்கள் கவனம்: பிரேக் லைட்டையும் சேர்த்துக் கெடுத்துத் தருகிறார்கள்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை, மெயின் றோட்டோரத்து வாகன அலங்காரக் கடைகள் சிலவற்றில் பழைய கார்களுக்கு ‘ஓடுற சிக்னல்’ போட்டுத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். உள்ளிருந்து வெளிப்பக்கமாக வரிசையாகப் பற்றிக்கொண்டு போகும் அந்த மஞ்சள் லைட்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அதுவரை விற்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த கேஈ70 கொரொல்லாவுக்கும் டிஎக்ஸ் வேகனுக்கும் புதுப்பொலிவு தேடுவதில் பிழையில்லை. ஆனால் கல்லடிப் பக்கம் ஓடும் ஒரு கேஈ70க்குச் செய்து கொடுத்த வேலையைக் கழற்றிப் பார்த்தால், 28,000 ரூபாவை வாங்கிக்கொண்டு காரை முன்னிருந்ததைவிட ஆபத்தாக்கி அனுப்பியிருக்கிறார்கள். பில்லும் இல்லை, உத்தரவாதமும் இல்லை.

முதலாவது சுத்துமாத்து பிரேக் லைட்டில். பிரேக்கை மிதித்துக்கொண்டு இடது சிக்னல் போட்டால் இடது பக்கச் சிவப்பு அணைந்து போகிறது. கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: “அண்ணன், வெளிநாட்டுக் காரெல்லாம் இப்படித்தான்.” அரை உண்மை. 1965 ஃபோர்ட் தண்டர்பேர்ட், 1967 மெர்க்குரி கூகர் போன்ற அமெரிக்கக் கார்களில் பிரேக்குக்கும் சிக்னலுக்கும் ஒரே சிவப்பு பல்புகள்தான். அவற்றை வரிசையாக எரிய வைத்தது ஒரு சின்ன மோட்டாரும் அது சுழற்றும் கேம்களும். அந்த வகைக் கார்களுக்கென்று விற்கும் சிக்னல் போர்டில் (லைட்டை வரிசையாக எரிய வைக்கும் சின்ன எலக்ட்ரோனிக் தகடு), சிக்னல் வரும் பக்கத்தின் பிரேக்கை வெட்டும் ஏற்பாடு கட்டாயம் இருக்கும். நம்மூர் ஜப்பான் கார்களில் சிக்னலுக்குத் தனி மஞ்சள் அறை இருக்கிறது. பிரேக் வயரை அந்தப் போர்டுக்குக் கொண்டுபோகவே தேவையில்லை. கொண்டுபோய்ப் பொருத்தியதால்தான் லைட் அணைகிறது.

அதோடு, ஓட்டம் நீளமாகத் தெரியவேண்டும் என்று எல்இடி பட்டியைச் சிவப்பு அறைக்குள்ளும் ஒட்டியிருந்தார்கள். மஞ்சள் எல்இடி சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் எரிந்தால் மங்கிய சிவப்பாகத்தான் வெளியே வரும். பட்டி ரிஃப்ளெக்டரை மறைப்பதால் பிரேக் பல்பின் வெளிச்சமும் குறைகிறது. கல்முனை பஸாரில் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு முன்னால் போகிற கார் நிற்கிறதா, கிறுகுகிறதா என்றே விளங்காது.

இரண்டாவது, ஓடுற சிக்னல் உண்மையில் ஓடவே இல்லை. முதல் மினுக்கில் மட்டும் வரிசையாகப் பற்றும், அடுத்த மினுக்கிலிருந்து எல்லாம் ஒன்றாக எரியும். கடையில் ஒரு தரம் போட்டுக் காட்டிக் காசை வாங்கிவிடுகிறார்கள். காரணம், போர்டின் மின் உள்வரவில் போட்டிருந்த 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், அதாவது மின்னைச் சேர்த்து வைக்கும் உறுப்பு. இந்த மாதிரி போர்டுக்கு மின்சாரம் பிளாஷரின் (சிக்னலை மினுக்க வைக்கும் பெட்டி) ஒவ்வொரு துடிப்பிலும்தான் வருகிறது. துடிப்பு நின்றதும் போர்ட் முழுதாகச் சாகவேண்டும், அப்போதுதான் அடுத்த துடிப்பில் முதலிலிருந்து தொடங்கும். நிமிடத்துக்கு 90 மினுக்கு என்றால் அணைந்திருக்கும் நேரம் ஏறக்குறைய 0.33 செக்கன். 1000 மைக்ரோஃபாரட் அதற்குள் வடிந்து முடியாது, போர்டிலுள்ள ஐசி (சில்லு) பழைய நிலையிலேயே விழித்துக்கொண்டிருக்கும். 10 மைக்ரோஃபாரட் போட்டு, குறுக்கே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் சரியாக வடிந்துவிடும்.

மூன்றாவது, சூடு. எல்இடி இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் பழைய பிளாஷர் ஒன்றில் மினுக்காது, இல்லையென்றால் படபடவென்று மினுக்கும். அதை ஏமாற்ற 6 ஓம் 50 வாட்ஸ் ரெசிஸ்டர் போட்டு, டிக்கிக்குள் பிளாஸ்டிக் கவரில் டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். 13.5 வோல்ட்டில் அது 30 வாட்ஸைச் சூடாக்குகிறது. மினுக்குகிறபடியால் சராசரி பாதி, அதுவே பிளாஸ்டிக்கை உருக்கப் போதும். ரெசிஸ்டர் போட்டபின் எல்இடி முழுக்கச் செத்தாலும் டாஷ்போர்டில் சிக்னல் வழமைபோலவே மினுக்கும் என்பது இன்னொரு கேடு. பிளாஷரையே எல்இடிக்கான மூன்று கால் எலக்ட்ரோனிக் வகைக்கு மாற்றினால் ரெசிஸ்டரே வேண்டாம். மூன்றாவது காலுக்கு ஏர்த் கொடுக்க மறக்கக்கூடாது.

இனி, முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் கடையில் பேய்க்காட்ட முடியாது.

மஞ்சள் அறைக்குள் மட்டும், அலுமினியத் தகட்டில் நான்கு துண்டுகள். துண்டுக்கு 1 வாட்ஸ் மஞ்சள் எல்இடி மூன்று, தொடராக. வெள்ளை எல்இடியை மஞ்சள் லென்ஸுக்குப் பின்னால் வைத்தால் வெளிறிப்போகும், மலிவென்று வாங்கவேண்டாம். என்ஜின் ஓடும்போது 14.4 வோல்ட், டயோட் ஒன்றுக்கு 0.7 போனால் 13.7. மூன்று எல்இடி 6.6 வோல்ட் எடுக்கும். மீதி 7.1ஐ 47 ஓம் 2 வாட்ஸ் ரெசிஸ்டரால் தாங்கினால் 150 மில்லிஅம்பியர். எல்இடி முழு 350 மில்லிஅம்பியரைத் தாங்கும்தான், ஆனால் மூடிய லாம்புக்குள், நம்ம வெயிலில், பாதிக்கும் குறைவாக ஓட்டுவதுதான் புத்தி.

முதல் துண்டை பிளாஷர் வயருக்கு நேரடியாகக் கொடுக்கவேண்டும். மற்ற மூன்றுக்கும் துடிப்புக் கொடுக்க ஒரு 555 டைமர், வரிசைப்படுத்த ஒரு சிடி4015 ஐசி, சுவிட்சாக மூன்று ஐஆர்எஃப்இசட்44என் மொஸ்பெட். 4017 ஐசியைத்தான் பலரும் கைக்கு எடுப்பது. அது ஒன்றை அணைத்துத்தான் அடுத்ததை ஏற்றும், அலங்கார லைட்டுக்குச் சரி, சிக்னலுக்குச் சரிவராது. 4015 ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். டேட்டா காலைப் பிளஸ்ஸில் கட்டிவிட்டால் எரிந்தது எரிந்தபடி நிற்க, அடுத்தது கூடும். ஐநா வாகன ஒழுங்குவிதியும் இதைத்தான் கேட்கிறது: உள்ளிருந்து வெளியே போகவேண்டும், எரிந்தது நிற்கவேண்டும், 200 மில்லிசெக்கனுக்குள் முழுதும் எரிந்து முடியவேண்டும், நிமிடத்துக்கு 60 முதல் 120 மினுக்குக்குள் இருக்கவேண்டும். 555க்கு 10 கிலோஓம், 33 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டால் ஒரு படி 53 மில்லிசெக்கன். முதல் படி மட்டும் கொஞ்சம் பிந்தி, சுமார் 70இல் வரும். கடைசித் துண்டு 176 அளவில் பற்றும், கணக்குக்குள் நிற்கிறது. 4015இன் ரிசெட் காலுக்குப் பிளஸ்ஸிலிருந்து 100 நானோஃபாரட், ஏர்த்துக்கு 100 கிலோஓம். பாவிக்காத பாதியின் உள்வரவுக் கால்களையெல்லாம் ஏர்த்தில் கட்டவேண்டும். உள்வரவில் 1என்4007 டயோட், ஐசிகளுக்கு முன்னால் 100 ஓம், அதற்குப்பின் மின்னழுத்தம் எகிறாமல் பிடிக்க 15 வோல்ட் சீனர் டயோட்.

மொஸ்பெட் மைனஸ் பக்கத்தை வெட்டுகிறது, ஆகவே எல்இடித் தகடு காரின் உலோகப் பொடியில் (உடலில்) எங்கும் முட்டக்கூடாது. பல்ப் ஹோல்டரின் உலோகச் சட்டையே ஏர்த்தாக இருக்கும் காரில், அதிலேயே மைனஸைக் கொடுத்துவிட்டு “போர்ட் பழுது” என்று இன்னொரு போர்ட் விற்பார்கள். நான்கு துண்டும் எப்போதும் ஒன்றாக எரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஆடுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் போர்டில் செய்து தருகிறோம் என்றால் இன்னும் கவனம். பிளாஷர் வயரிலிருந்து மின் கொடுத்தால் அது விழிக்கவே ஒரு செக்கன் அளவு ஆகும், அதற்குள் துடிப்பு முடிந்துவிடும். இதற்காகத் திறப்பு லைனிலிருந்து மின் எடுக்கிறார்கள், பிறகு திறப்பைக் கழற்றிவிட்டு ஹசார்ட் போட்டால் பின்பக்கம் இருட்டு. இரவில் றோட்டோரம் நின்றுபோன காருக்கு இதைவிட என்ன வேண்டும்? நானோவின் 5 வோல்ட்டுக்கு ஐஆர்எஃப்இசட்44என் முழுதாகத் திறக்காது, ஐஆர்எல்இசட்44என்தான் பொருந்தும்.

ஒட்டுவேலையும் பார்க்கவேண்டும். கடலும் வாவியும் இருபுறமும் உள்ள ஊரில், வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகள் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டிருக்கவேண்டும். வினாகிரி மணம் அடிக்கும் சிலிக்கன் செம்பை அரிக்கும், நியூட்ரல் வகைதான் பூசவேண்டும். பழைய லாம்பை வெட்ட விடவே வேண்டாம். மாற்று லாம்ப் தேடி அலையவேண்டி வரும்.

காசு கொடுக்குமுன், நட்டநடு மத்தியானத்தில் இருபது முப்பது அடி தள்ளி நின்று பாருங்கள். பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க, இடது, வலது, ஹசார்ட் மூன்றையும் போடச் சொல்லுங்கள். சிவப்பு ஒரு கணமும் அசையக்கூடாது. ஒரே ஒரு மினுக்கைப் பார்த்துத் தலையாட்டாமல் ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். திறப்பைக் கழற்றிவிட்டு ஹசார்ட்டைப் பத்து நிமிடம் ஓட விட்டு, போர்டையும் வயரையும் தொட்டுப் பாருங்கள். சிக்னல் பியூஸ் பெரிதாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பியூஸ் அடிக்கடி போனால் பெரிதைப் போட்டு மூடி அனுப்புவது இவர்களுக்குப் பழக்கம்.

பில் இல்லாமல் கொடுக்கவே வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். கழற்றிய போர்ட், உருகிய டேப், ரெசிஸ்டர் எல்லாவற்றையும் எறிந்துவிடாமல் படம் எடுத்து வையுங்கள். முறைப்பாடு முடியும்வரை பிரேக் வயரைப் போர்டிலிருந்து கழற்றிப் பழையபடி பல்போடு சேர்த்து, மஞ்சள் அறையில் 21 வாட்ஸ் பல்பையும் பழைய பிளாஷரையும் போட்டே ஓடுங்கள்.