இலவச இணையப் பாடங்கள்: திறந்த தொகுப்பா, கெடு வைத்த வகுப்பா?

இணையத்தில் செலவின்றிப் படிக்க நினைப்பவருக்கு இரு பெரும் வழிகள் உள்ளன. ஒன்று தரக்கூடியதை மற்றொன்றிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

முதலாவது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) 2001இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் போன்ற திறந்த பாடத் தொகுப்பு. விரிவுரைக் குறிப்புகள், வீட்டுப்பாடங்கள், பழைய வினாத்தாள்கள், பல பாடங்களுக்குக் காணொளிகள் என எல்லாவற்றையும் பெயர்கூடப் பதியாமல் இறக்கிக்கொள்ளலாம். வணிக நோக்கமின்றி நகலெடுக்கவும் மொழிபெயர்க்கவும் உரிமம் இடமளிப்பதால், இணைய வசதி குறைந்த பல்கலைக்கழகங்களுக்கு இப்பாடங்கள் வன்தட்டுகளில் அனுப்பப்பட்டதும் உண்டு. ஆனால் ஐயம் கேட்க ஆசிரியர் இல்லை, சான்றிதழ் இல்லை, இன்று படிக்காவிட்டால் கேட்பாரும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்த இரண்டாவது வழியே 2012இல் தோன்றிய கோர்செரா, எட்எக்ஸ் போன்ற இணைய வகுப்புத் தளங்கள். வாரந்தோறும் பாடம், கெடு, தானாகத் திருத்தும் தேர்வு, விவாதப் பகுதி என வகுப்பறையின் ஒழுங்கை இவை இணையத்துக்குக் கொண்டுவந்தன. கட்டுரைகளைக் கணினியால் திருத்த இயலாத பாடங்களில் சக மாணவர்களே ஒருவர் தாளை மற்றவர் திருத்தினர்; பொருளை அறியாதவர் கையில் சிக்கிய நல்ல கட்டுரையின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

எண்ணிக்கை எப்போதும் இருமுகம் காட்டும். எட்எக்ஸுக்கு முன்னோடியாக 2012 மார்ச்சில் எம்.ஐ.டி. தொடங்கிய மின்சுற்றுப் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிந்தனர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர், அதாவது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. இதைத் தோல்வி என்று ஒதுக்க என்னால் இயலவில்லை, ஏனெனில் ஒரே பருவத்தில் இத்தனை பேரைத் தேர்ச்சி பெறச் செய்யும் வகுப்பறை எந்தக் கல்லூரியிலும் இல்லை. பதிந்தவர்களில் பலர் எட்டிப் பார்க்க மட்டுமே வந்தவர்கள். எனக்கு உறுத்துவது வேறு. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் கோர்செரா மாணவர்களிடையே நடத்திய ஆய்வு 2013இல் வெளியானபோது, பதிலளித்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் ஏற்கெனவே கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் என்று தெரியவந்தது. கல்லூரி வாயிலை மிதிக்காதவருக்கென்று பேசப்பட்ட திட்டம், மிதித்தவருக்கே முதலில் பயன்பட்டது.

இலவசத்தின் அளவும் சுருங்கிவிட்டது. எட்எக்ஸ் 2021இல் 2யூ என்னும் இணையக் கல்வி நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனம் 2024இல் திவால் பாதுகாப்பை நாடியது. இத்தகைய தளங்களில் கட்டணமின்றிச் சேர்பவருக்குப் பல பாடங்களில் காணொளி கிடைக்கிறது, மதிப்பெண் தேர்வு பூட்டப்பட்டிருக்கிறது.

வேலைக்குச் சான்று தேவைப்படுபவர் கட்டணத்தை முன்பே கணக்கிட்டுக்கொண்டு இரண்டாவது வழியில் செல்லலாம். பாடமே குறி என்றால் திறந்த தொகுப்பே மேல். ஆனால் வாரக் கெடுவைத் தாமே விதித்துக்கொண்டு, காணொளிக்கு முன் அவ்வாரத்து வீட்டுப்பாடத்தை ஒருமுறை முயன்றுவிட வேண்டும்.