சொந்தச் சர்வர், வாடகைக் கிளவுட், பிறகு இரண்டும்: திருப்பூரில் எட்டு ஆண்டுகள்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிப் பனியன் நிறுவனத்தின் கணினிகளை எட்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நான் சேர்ந்தபோது கணக்கு, ஆர்டர், பேக்கிங் எல்லாம் ஒரே சர்வரில், அதாவது எல்லாருக்கும் பொதுவான மையக் கணினியில். அதன் அறையோ செக்கிங் பிரிவை ஒட்டி இருந்தது. பஞ்சுத் தூசு விசிறியை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை புளோயரால் ஊதாவிட்டால் சர்வர் சூடேறித் தானாக அணைந்துவிடும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாட்களில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை யூபிஎஸ் தாங்க வேண்டும். பேட்டரி கைவிட்டால் திட்டு எனக்கு.

"எல்லாரும் கிளவுட் என்கிறார்களே, அது என்ன தம்பி?" என்று முதலாளி கேட்டார். வேண்டிய கணினித் திறனை வேண்டியபோது இணையம் வழியாக எடுத்துக்கொள்வதுதான் கிளவுட் என்று சொல்லி, அதன் வகைகளைச் சாயம் போடுவதை வைத்து விளக்கினேன். சொந்தச் சாயப்பட்டறை வைத்திருப்பது தனிக் கிளவுட். வெளியே ஜாப் ஒர்க் கொடுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டுவது பொதுக் கிளவுட். பின்னுவது நம்மிடம், சாயம் வெளியே என்றால் ஹைபிரிட். ஒரே தேவை உள்ள பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவது சமூகக் கிளவுட். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை மறக்காத ஊர் இது. பல பட்டறைகளுக்குப் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; சமூகக் கிளவுடும் அதுபோலத்தான். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் அதே 2011-இல் வெளியிட்ட வரையறையிலும் இந்த நான்கு வகைகள்தான்.

ஒன்று சொல்ல வேண்டும்: அறையில் ஒரு சர்வர் இருப்பதாலேயே அது தனிக் கிளவுட் ஆகிவிடாது. வேண்டியவர் வேண்டியபோது அதிலிருந்து மெய்நிகர் இயந்திரம் (மென்பொருளால் பிரித்துத் தரும் தனிக் கணினி) எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். எங்களுடையது வெறும் சர்வர்தான்.

2019-இல் எல்லாவற்றையும் பொதுக் கிளவுடுக்கு ஏற்றினோம். அமேசான் மும்பையில் 2016-லேயே கிளவுட் தரவு மையம் திறந்திருந்தது. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் உண்டு. ஆர்டர் குவியும் மாதங்களில் திறனைக் கூட்டி, பிறகு குறைத்துக்கொண்டோம். அது உண்மையிலேயே சுகம். தூசும் பேட்டரியும் மறந்தே போயின.

அடுத்து வந்தது தீபாவளி. தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் போக, பத்து நாள் ஊர் அடங்கிக் கிடந்தது. சோதனைக்காக நான் கிளவுடில் உருவாக்கிய பெரிய மெய்நிகர் இயந்திரம் மட்டும் ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறது. பில்லை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டிய நாளை மறக்க முடியாது. அன்றிலிருந்து செலவு வரம்பைத் தாண்டினால் என் தொலைபேசிக்கு எச்சரிக்கை வருகிறது. உள்ளே ஏற்றுவது இலவசம், வெளியே எடுக்கும் தரவுக்குத்தான் கட்டணம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. எங்களுக்கு விற்ற முகவர் இதை வாயே திறக்கவில்லை.

பில்லைவிடப் பெரிய அடி இணையத்தால் வந்தது. சாக்கடைக்காகச் சாலையைத் தோண்டியவர்கள் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டார்கள். மாற்று இணைப்பும் அதே குழியில்தான் போயிருக்கிறது! அட்டைப் பெட்டிக்கு ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கரை அச்சிட முடியாமல், தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கண்டெய்னர் வாசலில் மாலைவரை நின்றது.

அதன் பிறகு நான் கேட்பது ஒரே கேள்வி: இணையம் போனால் இந்த வேலை நிற்கலாமா? நிற்கக் கூடாத ஸ்டிக்கர், பேக்கிங் லிஸ்ட், வருகைப் பதிவு மூன்றும் ஆலைக்குள் இரண்டு சிறிய சர்வர்களுக்குத் திரும்பின. மின்னஞ்சல், கணக்கு, பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) அனுப்பும் மாதிரிப் படங்கள், பேக்கப் என்னும் தரவின் மாற்றுப் பிரதி எல்லாம் கிளவுடில். எங்களுடையது பிரைவேட் லிமிடெட். கம்பெனிகள் சட்டத்தின்கீழ் 2022-இல் திருத்திய விதிப்படி கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேர வேண்டும். ஆகவே மையத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் விலை மலிவு என்று வெளிநாட்டைச் சொடுக்கிவிடாதீர்கள்.

எங்களுடையதைப் போல இரண்டும் கலந்த ஏற்பாட்டையும் ஹைபிரிட் என்றே பலர் சொல்கிறார்கள்; அது இரட்டை வேலைதான். இரவில் ஆலைச் சர்வரையும் கிளவுடையும் ஒத்திசைக்கும்போது இரு பக்கத் தரவும் ஒத்துப்போகாமல் மாதத்துக்கு ஓரிரு முறை காலையில் நானே உட்கார்ந்து சரிசெய்கிறேன். பத்துப் பேர் உள்ள அலுவலகத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பொதுக் கிளவுடே போதும். சர்வர் அறையை முதல் மாடிக்கு மாற்றிவிட்டோம். தூசு அங்கேயும் வருகிறது, கொஞ்சம் குறைவாக.