படகுக் குப்பை: தொட்டியா, வாளியா, கடலா?

பினாங்கில் படகிலேயே குடியிருப்பவர்களில் சிலர் தஞ்சோங் தொக்கோங் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மரினாவில், அதாவது படகுத் துறையில், படகைக் கட்டியிருப்பார்கள். செலவைப் பார்க்கிறவர்கள் ஜெரெஜாக் தீவுப் பக்கம் நங்கூரம் போடுவார்கள். மரினாக்காரருக்குக் குப்பை ஒரு விஷயமே இல்லை. பையைக் கட்டி, நடந்து போய், தொட்டியில் போட்டால் முடிந்தது. நங்கூரத்தில் நிற்பவர்தான் ஒவ்வொரு பையையும் டிங்கி என்ற சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் பை ஒழுகினால் மீன் தண்ணீர் காலடியில் ஓடும்.

அதனால்தான் "சாப்பாட்டு மிச்சம்தானே, மீன் தின்னட்டும்" என்று கடலில் தட்டுகிறார்கள். கப்பல், படகுகளால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் 2013 முதல் நடப்பிலுள்ள விதியில் பிளாஸ்டிக், கண்ணாடி, டின், சமையல் எண்ணெய் எதையும் கடலில் எங்கும் போடக்கூடாது. சாப்பாட்டு மிச்சத்துக்கு மட்டும் விலக்கு: 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும்படி அரைத்திருந்தால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால், அரைக்காவிட்டால் 12 மைலுக்கு அப்பால். அதுவும் படகு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். ஆக, ஜெரெஜாக்கில் நின்றுகொண்டு ஒரு வாழைப்பழத் தோலைக்கூட வீச முடியாது. லங்காவிக்குப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், தீவும் கரைதான். நடுவில் பாயார் தீவு கடல் பூங்கா என்ற பாதுகாக்கப்பட்ட பகுதி வேறு இருக்கிறது.

மிச்சம் இருப்பது வாளி. சாதாரண மூடி வாளி நம் வெயிலுக்கு இரண்டாம் நாளே நாறும். பொக்காஷி வாளி பரவாயில்லை: நுண்ணுயிர் சேர்த்த தவிட்டைத் தூவி, அமுக்கி, காற்றுப் புகாமல் மூடினால் மிச்சம் ஊறுகாய் மாதிரி புளிக்கும். வாளி நிறைந்த பிறகு இரண்டு வாரம் அப்படியே இருக்க வேண்டும். அடியில் சேரும் தண்ணீரையும் அவ்வப்போது குழாய் வழியாக எடுக்க வேண்டும். ஆனால் புளித்ததைப் புதைக்க மண் வேண்டுமே? கரையில் தோட்டம் வைத்திருக்கும் அக்கா யாராவது இருந்தால் வாளி வாங்கலாம். இல்லையென்றால் அடிக்கடி கரைக்குப் போவதே மேல்.

மறுசுழற்சிக்கு, பழைய பேப்பர், டின் வாங்க வரும் பேப்பர் லாமா லாரி ஒரு வழி, சூ ச்சி என்ற பௌத்தத் தொண்டு அமைப்பின் மையம் இன்னொரு வழி. டின்னை விற்றால் கையில் சில்லறை வரும், ஆனால் லாரி வரும் நேரத்துக்கு நாம் கரையில் இருக்க வேண்டும். "அண்ணே, டின்னுல தண்ணி இல்லாம குடுங்க" என்பார் லாரித் தம்பி, எடைக்குத்தானே காசு. காசு முக்கியமில்லை என்றால் சூ ச்சி பக்கம் போய்விடலாம். எங்கே கொடுத்தாலும் டின்னைக் கடல் தண்ணீரில் அலசி மிதித்து வைத்தால் இடமும் மிச்சம், கரப்பானும் வராது. அட்டைப் பெட்டியைப் படகில் ஏற்றவே வேண்டாம். மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். சாமானைப் பசாரிலேயே பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு வந்தால், பாதிக் குப்பை படகுக்கே வராது. கணக்குப் பார்த்தால் மற்ற எல்லா வழியையும்விட இதுதான் லாபம்.

தீவில் கொண்டுபோய் எரிக்கலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், அதோடு சரி.

பழைய இன்ஜின் எண்ணெய் மட்டும் எந்தத் தொட்டிக்கும் போகக்கூடாது. அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியல் போட்டு வைத்திருக்கும் ஆபத்தான கழிவு. பழைய எண்ணெய்க் கேனிலேயே ஊற்றி மூடி, எண்ணெய் மாற்றிக் கொடுக்கும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். பழையதைச் சேர்த்து வைக்கும் பீப்பாய் அங்கே இருந்தால் வாங்கிக்கொள்வார்கள்.