புது டிவி என்று பில், பெட்டிக்குள் ஷோரூமில் ஓடிய டிவி

பெங்களூரில் பண்டிகை ஆஃபரில் டிவி வாங்க நினைப்பவர்கள், அதிலும் கடையில் தமிழ் பேசுகிறார்களே என்று நம்பி வாங்குபவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். 2025 ஆயுத பூஜை சமயத்தில் இந்திராநகர் பக்கம் ஒரு பெரிய கடையில் 55 இன்ச் டிவி வாங்கினேன். புதியது என்றுதான் பில். வீட்டுக்கு வந்ததோ மாதக்கணக்கில் ஷோரூம் சுவரில் ஓடிய பீஸ். கடையின் பெயரை இங்கே போடவில்லை, விவகாரத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

முதலில் விலை. ஏமாற்று அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் பேசியதிலிருந்தே டிவி வாங்க இருந்தவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். செப்டம்பர் 3-ஆம் தேதி கவுன்சில் முடிவு வந்தது: 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதம், செப்டம்பர் 22 முதல். அன்றைக்கே நவராத்திரியும் ஆரம்பம். கடைக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் போன கடையில் வாசல் முழுக்க "ஜி.எஸ்.டி. 10% லாபம் + பண்டிகை தள்ளுபடி 40%" என்று பேனர். 32 இன்ச் டிவிமேலும் அதே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அதற்கு 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம்தான், புதிதாக ஒன்றும் குறையவில்லை.

இந்த "10% லாபம்" கணக்கும் தப்பு. வரி அடிப்படை விலைமேல்தான் ஏறும். 100 ரூபாய்ப் பொருள் முன்பு வரியோடு 128, இப்போது 118. 128-இல் 10 ரூபாய் குறைந்தால் 7.8 சதவீதம்தான். என் போனில் ஆகஸ்ட்டில் அதே கடையில் எடுத்த விலை அட்டையின் போட்டோ இருந்தது: அதே மாடல், 51,990 ரூபாய். வரி குறைந்தால் மட்டுமே அது சுமார் 47,930-க்கு வந்துவிட வேண்டும். பண்டிகை வாரத்தில் அவர்கள் போட்டிருந்த "தமாக்கா விலை" 47,990. அதாவது பண்டிகைத் தள்ளுபடி என்று ஒரு பைசாகூட இல்லை, அறுபது ரூபாய் அவர்கள் பக்கமே போயிருக்கிறது! 40 சதவீதம் என்பது 79,990 என்ற எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்தது. அந்த விலைக்கு அந்த டிவியை யாரும், எந்த நாளிலும் வாங்கியிருக்க மாட்டார்கள். சரி, வரி குறைந்த விலையாவது கிடைக்கிறதே என்றுதான் உள்ளே போனேன்.

விற்பனைக்கு நின்ற பையன் என் பேச்சைக் கேட்டதும், "அண்ணா, நம்மூரா? நான் சேலம்ண்ணா" என்றான். உல்சூர், சிவாஜிநகர், லிங்கராஜபுரம் என்று இவ்வளவு தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற ஊரில் கடைக்காரர்கள் தமிழ்ப் பையன்களை நிறுத்துவது இயல்புதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்தக் கடைகளில் பிராண்ட் பெயர் போட்ட டி-ஷர்ட்டில் நிற்பவர்களில் பலர் கடை ஊழியர்களே இல்லை, அந்தந்த டிவி கம்பெனி வைத்த ஆட்கள். தங்கள் பிராண்டில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதைத் தள்ளிவிடுவதுதான் அவர்கள் வேலை. நம்மூரா என்று கேட்பதில் பாசம் இருக்கலாம், டார்கெட்டும் இருக்கும்.

அவன் சொன்னதில் பாதி சரிபார்த்தால் நிற்காது. "120 ஹெர்ட்ஸ்ண்ணா" என்றான். பேனல் 60 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். 120 என்பது அசைவைச் செயற்கையாக மென்மையாக்கும் வசதிக்கு கம்பெனி வைத்த எண். "க்யூலெட், ஓலெட் மாதிரிதான்" என்றான். க்யூலெட் என்பது பின்விளக்கு உள்ள எல்.சி.டி.தான், நடுவில் நிறத்தைக் கூட்டிக் காட்டும் குவான்டம் டாட் படலம் ஒன்று கூடுதல். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்விளக்கே கிடையாது. இரண்டும் ஒன்றல்ல. அப்புறம் கடையில் எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஸ்டோர் மோடில் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துத்தான் ஓட்டுவார்கள். இதெல்லாம் எல்லாக் கடையிலும் நடக்கிற வழக்கமான பேச்சு, அதற்காக இந்தப் பதிவை எழுதவில்லை.

பணம் கட்டும்போதுதான் அந்த முக்கியமான வரியைச் சொன்னான்: "அண்ணா, கம்பெனி டெக்னீஷியன் வர்ற வரைக்கும் பெட்டியப் பிரிக்காதீங்க. பிரிச்சா வாரண்டி போயிடும்." பில்லின் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: குறை இருந்தால் 7 நாளுக்குள் மட்டும் மாற்றித் தரப்படும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பண்டிகை வாரத்தில் டெக்னீஷியன் நாளைக்கு வருவார், நாளன்னைக்கு வருவார் என்று இழுக்கும். நடுவில் ஆயுத பூஜை, விஜயதசமி லீவு. பெட்டி பிரிக்கப்படாமல் ஹாலில் நிற்கும், ஏழு நாள் தானாக ஓடிவிடும். எங்கள் வீட்டில் அப்படியேதான் நடந்தது. மாமனார் கிரிக்கெட் மேட்சைப் பேத்தியின் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் டெக்னீஷியன் வந்தார். மண்டியாக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். பெட்டியைச் சுற்றி வந்தவர், மேல்பக்க டேப்பை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்த்தார். கம்பெனிப் பெயர் அச்சிட்ட டேப்புக்கு மேலே நேர்கோடாக, அதே அகலத்தில், வெறும் டேப் ஒன்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிவியை வெளியே எடுத்துக் குப்புற வைத்ததும், சுவரில் மாட்டும் நான்கு துளைகளைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல். ஒருமுறை மாட்டிக் கழற்றிய தடம். பின்பக்க ஸ்டிக்கரில் போன் டார்ச்சை அடித்து சீரியல் நம்பரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க, பெட்டியில் இருந்ததை அவர் விரல் வைத்துத் தொடர்ந்தார். கடைசி ஐந்து இலக்கம் வேறு. பெட்டியில் இருப்பதும் பில்லில் இருப்பதும் ஒன்று, உள்ளே இருந்த டிவியின் நம்பர் வேறு. பெட்டியில் தயாரிப்பு மாதம் 2025 ஜூலை, டிவியின் முதுகில் 2024 நவம்பர்.

ஆன் செய்ததும் மொழி கேட்கவில்லை, வைஃபை கேட்கவில்லை, நேராக முகப்புத் திரைக்குப் போய்விட்டது. வைஃபை பட்டியலில் ஏற்கெனவே சேமித்து வைத்த ஒரு நெட்வொர்க், பெயர் அந்தக் கடையின் பெயர். அவசரத்தில் ரீசெட் கூடச் செய்யாமல் அனுப்பியிருக்கிறார்கள். டெக்னீஷியன் ரிமோட்டில் சில பட்டன்களை வரிசையாக அழுத்தி சர்வீஸ் மெனுவைத் திறந்தார். ஓடிய நேரம் 2,700 மணிக்கு மேல். ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் கடை திறந்திருந்தால் எட்டு மாத ஓட்டம், அதுவும் முழு வெளிச்சத்தில். "டிஸ்ப்ளே பீஸ் சார் இது. நான் ரிப்போர்ட்ல அப்படியே எழுதித் தரேன், ஆனா என் பேரச் சொல்லி கடைல சண்டை போடாதீங்க" என்றார். எழுதியும் தந்தார். அவர் மட்டும் நமக்கென்ன என்று மாட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

கடைக்குப் போனால் சேலத்துப் பையன் வேறு கிளைக்கு மாறிவிட்டானாம். மேனேஜர் எடுத்த எடுப்பில் ஏழு நாள் முடிந்துவிட்டது என்றார். சீரியல் நம்பர் போட்டோவைக் காட்டியதும், "வேர்ஹவுஸ் மிஸ்டேக்" என்றார். அப்புறம் கூடுதலாக இரண்டு வருட வாரண்டி இலவசம் என்றார். கடைசியில் ஒரு சவுண்ட்பாரைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். புது டிவி கொடுங்கள் என்றால் மட்டும் ஸ்டாக் இல்லை.

இங்கே ஒரு சட்ட விஷயம் தெரிந்திருப்பது உதவும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகமுறை. பழைய பொருளைப் புதியது என்று விற்பது அதே பட்டியலில் தனியாகவே வருகிறது. அதாவது கடை தன் பில்லில் ஏழு நாள் என்று போட்டுக்கொண்டாலும், டிஸ்ப்ளே பீஸைப் புதியதென்று விற்றதற்கு அது கேடயம் ஆகாது. இதை மேனேஜரிடம் சொன்னேன், அவர் தலையாட்டிவிட்டு டீ வரவழைத்தார். வேலை நடந்தது 1915-க்கு போன் செய்த பிறகுதான். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பில், இரண்டு சீரியல் நம்பர் போட்டோ, டெக்னீஷியன் ரிப்போர்ட், விலை அட்டை எல்லாவற்றையும் புகாரில் ஏற்றினேன். அதன் பிறகு போன் கடையிலிருந்தே வந்தது, குரலும் மாறியிருந்தது.

டிவியை எடுத்துக்கொண்டு பணம் தர ஒப்புக்கொண்டார்கள். அதிலும் மூன்று இடத்தில் இடித்தது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய டிவி போயே போய்விட்டது, அதற்குப் போட்ட 3,500 ரூபாயைப் பணமாக வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்து இடித்தது இ.எம்.ஐ.யில். கடைக்காரர்கள் நம் கார்டுக்குப் பணத்தைத் திருப்பினாலும் இ.எம்.ஐ. தானாக நிற்காது, பேங்கில் தனியாக ரத்து செய்யச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இல்லாத டிவிக்கு மாதாமாதம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். "நோ காஸ்ட்" என்பதே பெயருக்குத்தான். வட்டி என்ற ஒன்று உள்ளே இருக்கிறது, அந்த அளவை விலையில் முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். சுமார் 3,000 ரூபாய் வட்டி என்றால் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 540 ரூபாய் நம் தலையில். போக பிராசஸிங் கட்டணம், அதற்கும் வரி. கிரெடிட் கார்டில் பூஜ்ய வட்டி என்ற பேச்சையே ரிசர்வ் வங்கி 2013-இல் கண்டித்தது. பெயர் மாறி வந்ததுதான் மிச்சம்.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். டெலிவரி ஆள் இருக்கும்போதே பெட்டியின் டேப்பையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுங்கள். டெக்னீஷியன் வந்துதான் பிரிக்க வேண்டும் என்றால், அவர் வந்த நாளிலிருந்து ஏழு நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால் பண்டிகை வாரத்தையே விட்டுவிடலாம். வரி குறைந்தது குறைந்ததுதான், ஆயுத பூஜைக்கு ஒரு விலை, நவம்பருக்கு ஒரு விலை என்று வரியில் கிடையாது. கம்பெனிகள் புது மாடல்களை ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டி, இங்கே பெரும்பாலும் மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் இறக்குகின்றன. அந்தச் சமயத்தில் போன வருட மாடலின் விலை இறங்கும், கடையில் கூட்டமும் இருக்காது, டெக்னீஷியனும் மறுநாளே வருவார். ஐ.பி.எல். மட்டும்தான் குறுக்கே வரும், அதற்கும் ஆஃபர் என்று பேனர் கட்டுவார்கள். ஆஃபருக்கு ஒரு மாதம் முன்பே விலை அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு மாதிரி, ஆன்லைனுக்கு ஒரு மாதிரி கடைசி எழுத்தை மாற்றி மாடல் நம்பர் வைப்பார்கள், அதையும் முழுசாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இடி டிவியை எடுத்துப் போக வந்த அன்று. "வாடிக்கையாளர் விருப்பத்தின் பேரில் திரும்பப் பெறப்பட்டது" என்று ஆங்கிலத்தில் டைப் செய்த தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் டிவியின் நம்பரும் பொருந்தாததால் என்று மேனேஜர் கையால் மாற்றி எழுதி முத்திரை வைத்த பிறகுதான் டிவி வாசலைத் தாண்டியது. பிராசஸிங் கட்டணமும் வட்டிமேல் போன ஜி.எஸ்.டி.யும் இன்னும் வரவில்லை. கடை பேங்கைக் காட்டுகிறது, பேங்க் கடையைக் காட்டுகிறது. அந்தத் தாளையும் சேர்த்து நுகர்வோர் வழக்குகளுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வாங்கிய ஊரில் இல்லாமல் நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு.