சாக்கேக்கு ஈயப் பாத்திரம்: ஒசாகாவா, தகாவோகாவா, ககோஷிமாவா?

ஜப்பானிய ஈயப் பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது, குடிக்கிற கிண்ணத்தைத்தான். சின்னது, விலை ஓரளவு கட்டுப்படியாகும், பரிசுப் பெட்டியில் வைத்தால் எடுப்பாக இருக்கும். என்னைக் கேட்டால், ஈயத்துக்குக் காசு போடுவதென்று முடிவு செய்துவிட்டால் ஊற்றுகிற பாத்திரத்துக்குப் போடுங்கள். குடிக்கிற கிண்ணம் மண்ணாகவோ கண்ணாடியாகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். நஞ்சான காரீயம் அல்ல. ரசம் வைக்கிற நம் ஈயச்சொம்பும் இதே உலோகம்தான் என்பதால் இதன் குணம் பாதி நமக்குத் தெரிந்ததே. துருப்பிடிக்காது, ஆனால் சுமார் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றியவர்கள் வீட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஊற்றுகிற பாத்திரம். சாக்கேயைச் சூடாக்க ஜப்பானில் இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று தொக்குரி: குறுகிய கழுத்துள்ள பீங்கான் அல்லது மண் குடுவை. மற்றது சிரோரி: வாய் அகன்று, பக்கத்தில் கைப்பிடியும் விளிம்பில் சின்ன மூக்கும் கொண்ட உலோகக் குவளை. இரண்டையுமே நேரடியாக நெருப்பில் வைப்பதில்லை. கொதித்து இறக்கிய வெந்நீருக்குள் இறக்கி வைப்பார்கள். வித்தியாசம் அங்கேதான் தெரியும். தடித்த மண்சுவர் வெப்பத்தை மெல்லத்தான் உள்ளே விடும். கழுத்து குறுகலாக இருப்பதால் உள்ளே சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. சிரோரியில் ஒரு கோ அளவு, அதாவது 180 மில்லி, ஊற்றி வைத்தால் சில நிமிடங்களில் தயார். வாய் அகலம் என்பதால் வெப்பமானியை நேரே உள்ளே விடலாம். சாக்கே சூட்டுக்கு ஜப்பானியர்கள் ஐந்து டிகிரிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 40 என்றால் நுருகன், 45 ஜோகன், 50 அத்சுகன். இத்தனை நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு வேண்டியது சொன்ன இடத்தில் நிறுத்த முடிகிற பாத்திரம்.

அப்படியென்றால் செம்பு இன்னும் மேல் இல்லையா? நீகாதா மாநிலத்தின் த்சுபாமே ஊரில் 1816 முதல் செம்பைச் சுத்தியலால் தட்டிப் பாத்திரம் செய்யும் கியோகுசென்தோ போன்ற பட்டறைகள் இருக்கின்றன. ஒற்றைத் தகட்டிலிருந்து எழுப்பிய வேலை. அழகில் ஈயம் அதனிடம் தோற்கும் என்றே சொல்வேன். செம்பு ஈயத்தைவிட ஐந்தாறு மடங்கு வேகமாக வெப்பம் கடத்தும் என்பதும் உண்மை. ஆனால் சிரோரியில் அந்தக் கணக்கு உதவாது. உலோகச் சுவர் மெல்லியது. சூடு ஏறுவதைத் தாமதப்படுத்துவது அந்தச் சுவர் அல்ல, அதற்கு இருபுறமும் அசையாமல் நிற்கும் வெந்நீரும் சாக்கேயும்தான். ஆகவே செம்போ, ஈயமோ, அலுமினியமோ, நேரத்தில் பெரிய வேறுபாடு வராது. ஜப்பானிய மதுக்கடைகள் பலவற்றில் அலுமினிய சிரோரிதான் புழக்கத்தில் இருக்கிறது. மலிவு, வேலையும் நடக்கும். சூடாக்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் நீங்களும் அதையே வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிடலாம்.

அதற்குமேல் கொடுக்கிற பணம் எதற்கு? செம்புச் சிரோரிக்கு உட்புறம் பெரும்பாலும் ஈயம் பூசியிருப்பார்கள், நம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதைப் போல. பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். முழு ஈயத்தில் அந்தத் தொல்லையே இல்லை. உலோக வாடை சாக்கேயில் இறங்காது. கோடையில் அதே சிரோரியை ஐஸ் தண்ணீரில் வைத்தால் அதே வேகத்தில் குளிரவும் செய்யும். அந்தக் கனமும், கையில் எடுத்ததும் உள்ளே இருப்பதன் சூடோ குளிரோ விரலுக்குத் தெரிந்துவிடுவதும் எனக்குப் பிடித்தவை. ஈயம் சாக்கேயின் காரத்தை எடுத்து மென்மையாக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். பாத்திரம் மாறினால் சூடும் விளிம்பின் தடிமனும் மாறும். நாக்கு அதற்கே ஏமாந்துவிடும்.

இப்போது கிண்ணத்துக்கு வருவோம். சிரோரியில் நல்லதாக இருந்த அதே குணம் இங்கே திருப்பி அடிக்கும். 50 டிகிரி சாக்கேயை மெல்லிய ஈயக் கிண்ணத்தில் ஊற்றினால் உதட்டில் சுள்ளென்று சுடும். அடுத்த மடக்குக்குள் சூடு ஆறியும் போகும். குளிர்ந்த சாக்கேக்கு முதல் வாய் அருமை. கிண்ணத்தையே ஓரிரு நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் விளிம்பே சில்லிட்டிருக்கும். ஆனால் உள்ளங்கையில் பொத்திப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தால் கைச்சூடும் அதே வேகத்தில் உள்ளே போய்விடும். பிசென் ஊரின் மெருகில்லாத மண் கிண்ணமோ ஹாகி ஊரின் மண் கிண்ணமோ இரண்டு பருவத்துக்கும் பொறுமையாக ஈடுகொடுக்கும். ஈயத்தில் குடித்தே ஆக வேண்டுமென்றால் பெரிய பியர் குவளையாக வாங்குங்கள், அதற்கு நியாயம் இருக்கிறது.

எந்த ஊர்ச் சரக்கு என்பதில்தான் உண்மையான போட்டி. ஒசாகாவின் ஈயவேலை 1983இல் ஜப்பான் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் ஏறியது. வேலையின் வேர் கியோட்டோவில் இருந்தாலும், எடோ காலத்தில் (1603–1868) வணிகமும் நீர்வழியும் ஒசாகாவில் குவிந்ததால் கைவினைஞர்களும் அங்கே சேர்ந்தார்கள். இவர்களுடையது கடைசல் வேலை. ஈயத்துடன் சிறிதளவு வேறு உலோகம் சேர்த்து உருக்கி, அச்சில் வார்த்து, சுழலும் துண்டின் மேல் நீளக் கைப்பிடி போட்ட உளியைக் கையாலேயே பிடித்துச் சீவுவார்கள். சுருள் சுருளாக விழும் சீவல் மறுபடி உருக்கும் சட்டிக்கே போகும். மூக்கையும் கைப்பிடியையும் பிறகு உருக்கிப் பற்றவைப்பார்கள். நல்ல சிரோரியில் அந்த ஒட்டு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. சில உருப்படிகளில் வேண்டிய வடிவத்தை வரைந்து மறைத்துவிட்டு மற்ற இடத்தை அமிலத்தில் அரிக்க விட்டு, அரித்த பள்ளத்தில் அரக்கு தேய்ப்பார்கள். வழவழப்பும் சொரசொரப்பும் அடுத்தடுத்து விரலில் படும். கலப்பு இருப்பதால் கொஞ்சம் விறைப்பும் உண்டு, தினசரி புழக்கத்தில் சட்டென்று ஒடுக்கு விழாது. சிரோரிக்கு என் வாக்கு ஒசாகாவுக்கே.

தகாவோகா வேறு ஊர், வேறு மனப்போக்கு. தோயாமா மாநிலத்தில் 1611இல் மாயேதா தோஷிநாகா என்ற பிரபு ஏழு வார்ப்புக் கைவினைஞர்களை வரவழைத்துக் குடியமர்த்திய ஊர் அது. அங்கே 1916இல் தொடங்கிய நோசாக்கு, பூஜைச் சாமான்களும் பூச்சாடிகளும் வார்த்துக்கொண்டிருந்த பட்டறை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஈயத்துக்கு வந்தது. கலப்பே இல்லாத முழு ஈயத்தை எடுத்துக்கொண்டார்கள். அது மென்மையானது, கடைசலுக்குச் சரிப்படாது. மற்றவர்கள் குறை என்று ஒதுக்கிய அதையே விற்பனைச் சரக்காக்கினார்கள். வலைபோலத் தட்டையாக வரும் ஈயத் தகட்டை நாமே கையால் இழுத்துக் கூடையாக்கிக்கொள்ளும் ‘காகோ’ வரிசை அப்படி வந்ததுதான். வளைக்கும்போது உள்ளிருந்து கறுக் கறுக்கென்று மெல்லிய சத்தம் கேட்கும். படிகங்கள் திரும்பி அமர்கிற ஓசை அது, உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அதற்காக ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மடக்கினால் உண்மையிலேயே ஒடிந்துவிடும். மணல் அச்சில் வார்த்த குவளைகளின் உட்புறத்தில் மணலின் சொரசொரப்பு அப்படியே நிற்கும். பியர் ஊற்றினால் நுரை பொடிப்பொடியாக எழும்புவது அதனால்தான். மேலே சொன்ன பியர் குவளையின் நியாயம் இதுதான். சிரோரிக்கு மட்டும் எனக்குத் தயக்கம். மென்மையான ஈயம், பிடித்து ஊற்றுகிற பாத்திரம்; கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் வாய் கோணும். கோணினால் கையாலேயே நேராக்கலாம் என்பார்கள். எத்தனை முறை?

ககோஷிமாவுக்குக் கதை மண்ணிலேயே இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சத்சுமாவில் (ககோஷிமாப் பகுதியின் பழைய பெயர்) ஈயச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. சத்சுமா ஈயவேலை அதை வைத்து வளர்ந்தது. இன்று அந்தச் சுரங்கம் இயங்கவில்லை. ஊர் சாக்கேயைவிட ஷோச்சு என்ற வடித்த மதுவைக் குடிக்கிற ஊர் என்பதால் அதற்கான குவளைகளும் தேயிலை டப்பாக்களும்தான் இவர்களின் பலம். அந்த டப்பாவை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்: மூடியை மேலே வைத்துவிட்டால் தானாகவே மெல்ல வழுக்கி இறங்கி மூடிக்கொள்ளும்.

கியோட்டோவில் 1838 முதல் இருக்கும் செய்காதோவைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். சுத்தியல் தட்டு தெரிகிற வேலை, விலையும் அதற்கேற்ப. பணம் பொருட்டல்ல என்பவர்களுக்கு.

மற்றவர்களுக்கு, சாதாரண ஈயக் கிண்ணம் ஒன்றின் விலையிலேயே நல்ல சாக்கே இரண்டு மூன்று போத்தல் வந்துவிடும். வாங்கியபின் நெருப்பும் மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஆகாது. ஃப்ரீசர் அதைவிட ஆகாது. ஈயம் 13 டிகிரிக்குக் கீழே மெல்ல மெல்ல சாம்பல்நிறத் தூளாக மாறும் குணம் கொண்டது. ஃபிரிட்ஜில் சில நிமிடம் வைப்பதால் ஒன்றும் ஆகாது, உறைகுளிரில் மாதக்கணக்கில் மறந்துவிட்டால் ஆபத்து, அதிலும் கலப்பில்லாத ஈயத்துக்கு. மங்கினால் சமையல் சோடாவைத் தொட்டு மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

பழம்பொருள் கடையில் அழகான பழைய ஈயத் தொக்குரி கண்ணில் பட்டால் வாங்கலாம், ஆனால் அதில் ஊற்றிக் குடிக்காதீர்கள். இன்றைய பட்டறைச் சரக்கில் காரீயம் கிடையாது. பழையதில் கலந்திருக்கலாம், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு பூவைச் சொருகி ஜன்னலோரம் வையுங்கள்.