முதியோர் மருத்துவம் கற்க மூன்று வழிகள்: குடும்ப மருத்துவருக்கு எது கைகொடுக்கும்?

72 வயது அம்மா ஒருவரின் மருந்துச் சீட்டு இது. தலைசுற்றலுக்கு ஆறு மாதமாகச் சின்னரிசின். வயிற்று உப்புசத்துக்கு லெவோசல்பிரைடு கலந்த கேஸ் மாத்திரை. இப்போது கை நடுங்குகிறது, நடை குறுகிவிட்டது. பார்க்கின்சன் (நடுக்குவாதம்) என்று நினைத்து அதற்கான டிரைஹெக்சிபெனிடில் மாத்திரையை எழுதினால், அடுத்து மனக்குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று வரிசையாக வரும். முதல் இரண்டு மாத்திரைகளுமே மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. அவற்றை நிறுத்தினால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கும். அதற்குச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம். இந்தச் சீட்டைப் பார்த்ததும் புது மாத்திரை எழுதாமல், பழையதை அடிக்கத் தோன்றவேண்டும். அதைக் கற்றுத்தருகிறதா என்பதை வைத்தே இங்கே மூன்று வழிகளையும் பார்க்கிறோம்.

ஒரு நாள் சி.எம்.ஈ.

சி.எம்.ஈ. என்பது டாக்டர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சி. மருத்துவர் பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுக்கு 30 கிரெடிட் மணி நேரம் வேண்டும் என்பதால் எல்லோரும் போகும் வழி இது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதும், கிளினிக்கை மூட வேண்டாம். குறை என்னவென்றால், இதய நிபுணர் இதயத்தையும் எலும்பு நிபுணர் எலும்பையும் பேசுவார்கள். ஐந்து நோய் ஒரே ஆளிடம் இருந்தால் எந்த மருந்தை முதலில் விடுவது என்ற கேள்வி நடுவில் விழுந்துவிடும். உரை மட்டும் உள்ள நிகழ்ச்சியைத் தவிர்த்து, உண்மையான மருந்துச் சீட்டுகளை வைத்துச் சிறு குழுவாக அலசும் பட்டறையைத் தேடிப் போங்கள்.

இக்னோ டிப்ளமோ

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு நடத்தும் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ, தொலைநிலைப் படிப்பு. மூன்றில் பாடத்திட்டம் முழுமையாக இருப்பது இதில்தான். மறதி நோய், விழுதல், சிறுநீர் கட்டுப்பாடின்மை, வலி தணிப்பு எல்லாவற்றையும் ஒழுங்காகப் படிக்க வைக்கும். சிக்கல் செய்முறையில். தனியாக கிளினிக் நடத்துபவருக்கு செய்முறைப் பயிற்சிக்கான நாட்களை ஒதுக்குவது கடினம். ஒப்படைப்புகளும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். சேரும் முன்பே செய்முறை நாட்களுக்கு மாற்று டாக்டரைப் பேசி வையுங்கள். எம்.டி.க்கு இது சமமாகாது, 'முதியோர் நல நிபுணர்' என்று போர்டு மாட்டவும் உதவாது.

முதியோர் ஓ.பி.யில் உட்காருவது

ஓ.பி. என்றால் புறநோயாளர் பிரிவு. இதில் தமிழ்நாட்டுக்குக் கொடுப்பினை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978இல் முதியோர் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார், 1996இல் எம்.டி. படிப்பும் அங்கேயே வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. துறைத் தலைவரிடம் அனுமதி பெற்று வாரம் அரை நாள், மூன்று மாதம் போனால் கண்ணும் கையும் பழகும்.

உதாரணத்துக்கு, எழுந்து நடக்கும் சோதனை. கைப்பிடி உள்ள நாற்காலி, தரையில் 3 மீட்டரில் ஒரு கோடு. எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. "வேகமா நடங்க" என்று சொன்னாலே சோதனை கெட்டுவிடும். வழக்கமான செருப்பு, வழக்கமான தடி, வழக்கமான வேகம். திரும்பும்போது எத்தனை அடி வைக்கிறார் என்று கவனிப்பதை நேரில் பார்த்துத்தான் பழக முடியும்.

பி.பி.யும் அப்படியே. ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் மறுபடி அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் தலைசுற்றலுக்குக் காரணம் அங்கே இருக்கக்கூடும். உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்தால் இது நழுவிவிடும். சின்னரிசின் எழுதுவதும் அங்கேதான் தொடங்குகிறது. நினைவாற்றலுக்குக் கடிகாரம் வரையச் சொல்வதிலும் கவனம் வேண்டும்: பேனா பிடித்தே பழகாத பாட்டிக்கு மதிப்பெண் குறைந்தால் அது மறதி நோயாகிவிடாது. பணம் எண்ணுவது, சமையலில் வரிசை தப்புவது பற்றி மகளிடமோ மருமகளிடமோ கேட்க வேண்டும்.

இந்த வழியில் சான்றிதழ் கிடைக்காது, கிரெடிட் நிச்சயமில்லை. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் பயனும் இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பேரையாவது நீங்களே பரிசோதித்து, அங்குள்ள டாக்டரிடம் சொல்லிக்காட்டக் கேளுங்கள்.

எங்கள் தேர்வு

சென்னைக்கு அருகில் இருப்பவர் முதலில் ஓ.பி.க்குப் போகட்டும். அது பிடித்தால் டிப்ளமோ சேரலாம். அப்போது பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வரும். கிரெடிட்டுக்கு சி.எம்.ஈ. இருக்கட்டும். தொலைவில் இருப்பவர் டிப்ளமோவையே எடுக்கலாம். கூடவே உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலவசமாக வெளியிட்ட ஐகோப் (ICOPE) என்ற முதியோர் பராமரிப்புக் கையேட்டையும் மேசையில் வையுங்கள்: நினைவு, நடமாட்டம், ஊட்டம், பார்வை, கேட்கும் திறன், மனச்சோர்வு ஆகிய ஆறையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சோதிக்கும்படி எழுதியிருக்கிறார்கள்.

எதை எடுத்தாலும், சேரும் வாரத்தில் ஐந்து மருந்துக்கு மேல் சாப்பிடும் 20 முதியோரை "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் பையில் போட்டுக் கொண்டு வாங்க" என்று அழையுங்கள். முதியோருக்குத் தொல்லை தரக்கூடிய சின்னரிசின், அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வு, நரம்பு வலிக்கு), கிளிபென்கிளமைடு (சர்க்கரைக்கு), அல்பிரசோலம் (பதற்றத்துக்கு) எத்தனை பேரிடம் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். அல்பிரசோலம், அமிட்ரிப்டிலின் இரண்டையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அல்பிரசோலத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு என்ற அளவில் இறக்க வேண்டும், கடைசியில் இன்னும் மெதுவாக. மூன்று மாதம் கழித்து அதே 20 பைகளை மறுபடி எண்ணுங்கள்.