அரிசி டப்பாவில் ஒரு டிஎஸ்எல்ஆர்

2014 தீபாவளி போனஸில் பாதியும் மீதிக்கு இஎம்ஐயுமாக வாங்கிய நிக்கான் டி5300 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமரா, அதாவது டிஎஸ்எல்ஆர். ஷட்டர் எண்ணிக்கை, அதாவது எடுத்த படங்களின் கணக்கு, 68 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கேமரா வாங்கிய முதல் வாரத்தில் யாரைக் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். பத்து வருஷத்துக்கு மேல் கடற்கரைக் காற்றில் வைத்துப் பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். வேறு தகுதி கிடையாது. ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டோகிராபர்.

அதற்கு முன்னால் மூன்று வருஷம் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வைத்திருந்தேன். 10 மெகாபிக்சல், இரண்டு பென்சில் பேட்டரி, சட்டைப் பையில் அடங்கிவிடும். வட சென்னையில் ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நடக்கும் தூரம்தான். விடிகாலை நாலரைக்கு மீன் ஏலம் பார்க்கப் போவேன். ஏலத்தில் நான் எடுக்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. கூடையைக் கவிழ்க்கும்போது ஐஸோடு சேர்ந்து மீன் சரிந்து விழும் பாருங்கள், அந்த நொடி. பட்டனை அழுத்துவேன். கேமரா யோசிக்கும். லென்ஸ் முன்னும் பின்னும் உறுமும். க்ளிக் என்று சத்தம் வரும்போது மீன் தரையில் கிடக்கும், கவிழ்த்தவர் திரும்பி நடந்துகொண்டிருப்பார். என் பழைய போல்டரைத் திறந்தால் பாதிக்கு மேல் முதுகுகள்தான்.

அந்தக் காலத்துச் சின்ன கேமராக்கள் எல்லாமே ஏறக்குறைய அப்படித்தான். சென்சாரில் (ஃபிலிமுக்குப் பதிலாக வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு) விழும் பிம்பம் எங்கே தெளிவாகிறது என்று லென்ஸை நகர்த்தி நகர்த்தித் தேடும். இருட்டில் தேடல் இன்னும் நீளும். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸுக்கென்றே தனி சென்சார் உண்டு. லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அதற்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். டி5300-இல் அப்படி 39 புள்ளிகள், நொடிக்கு 5 படம். பிக்சல் கணக்கு 10-லிருந்து 24-க்குப் போனதை நான் பெரிதாக உணரவில்லை. அழுத்தியதும் எடுத்தது, அதற்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். சின்ன கேமராவில் பட்டனைப் பாதி அழுத்தி முன்கூட்டியே ஃபோகஸ் பிடித்து வைத்தால் தாமதம் பெரும்பாலும் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எனக்குத் தெரிந்தது டிஎஸ்எல்ஆர் வாங்கிய பிறகு.

புதுக் கேமராவோடு போன முதல் ஞாயிறு மானம் போனது. ஆட்டோ மோடில் வைத்திருந்தேன். வெளிச்சம் போதாது என்று அதுவாகவே ஃப்ளாஷைத் தூக்கிக்கொண்டு மின்னல் மாதிரி வெட்டியது. வஞ்சிரத்தின் மேல் வெள்ளையாக ஒரு திட்டு, சுற்றிலும் கும்மிருட்டு. "எவன்டா அது, மூஞ்சில லைட்டு அடிக்கிறது?" என்று ஒரு குரல். அடுத்த வாரம் ஃப்ளாஷை அணைத்துவிட்டுப் போனேன். கேமராவோடு கூட வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸில் 18 அகலமாகக் காட்டும், 55 கிட்டத்தில் இழுக்கும். அதை முழுக்க நீட்டினால் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சின்னதானால் துவாரம் பெரிது). ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/10 நொடிவரை நீண்டு, மனிதர்கள் எல்லாம் புகையாக வந்தார்கள். லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு நம் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும், எதிரே ஓடுகிற ஆளை நிறுத்தாது. வீட்டில் படங்களைப் பார்த்த மனைவி, "சின்னதுலயே நல்லா இருந்துச்சே" என்றாள். பதில் சொல்லவில்லை.

வெளிச்சம் வாங்கும் லென்ஸ் வேண்டும் என்று புரிந்து, செகண்ட் ஹேண்டில் ஒரு 50 எம்எம் எஃப் 1.8 டி வாங்கினேன். கடைக்காரர் "சூப்பர் லென்ஸ் சார்" என்றார். சூப்பர் லென்ஸ்தான். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யவில்லை. 'டி' வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி90, டி7000 மாதிரி கேமராக்களில் அந்த மோட்டார் உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. என்ன கேமரா என்று கடையிலும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திருப்பிக் கொண்டுபோனால் "வித்த சாமான் வாபஸ் இல்ல".

எட்டு மாதம் கையால் திருப்பித்தான் எடுத்தேன். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி நின்று எரிந்தால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். கூடை எங்கே கவிழும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்துக்குத் திருப்பி வைத்துக் காத்திருக்கப் பழகினேன். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 3200, எஃப் 2, ஷட்டர் 1/250 நொடி. கூடை கவிழ்ந்தது. கூடையின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே காற்றில் நின்ற ஐஸ் துண்டுகள், அதில் ஒன்றுக்குள் மேலே தொங்கிய பல்பின் மஞ்சள். அவ்வளவு கிட்டத்தில் என் கண்ணே பார்த்ததில்லை. மூன்று வருஷ முதுகுகளுக்கு அது போதும்.

ஐஎஸ்ஓ 3200 என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். பழைய கேமராவில் 400-க்கு மேல் போனாலே மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி புள்ளிகள் வரும். சென்சார் அளவுதான் காரணம். சின்னதில் சுமார் 28 சதுர மில்லிமீட்டர், இதில் 23.5-க்கு 15.6, அதாவது 366 சொச்சம். பதின்மூன்று மடங்கு பெரிய வாளியில் மழை பிடிக்கிறோம்.

அப்புறம் 50-ஐத் தள்ளிவிட்டு, மோட்டார் உள்ள 35 எம்எம் எஃப் 1.8 ஜி எடுத்தேன். இன்றுவரை கேமராவில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பது அதுதான். ஒரே சங்கடம், எங்கள் தெரு வீடுகள். தங்கச்சி வளைகாப்பில் பீரோவில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போயும் தங்கச்சியும் சீர்வரிசைத் தட்டும் ஒரே படத்தில் அடங்கவில்லை. பத்துக்குப் பத்து அறைக்குக் கிட் லென்ஸின் 18-தான் தெய்வம்.

எதிர்பார்க்காத நஷ்டம் ஒன்று உண்டு. சின்ன கேமரா வைத்திருந்தவரை ஏலக்கூடத்தில் என்னை யாரும் சட்டை செய்ததில்லை. நானும் மீன் வாங்க வந்த ஆள். லென்ஸோடு முக்கால் கிலோ தேறும் கறுப்பு டப்பாவைக் கழுத்தில் மாட்டியதும் "இன்னா சார், பிரஸ்ஸா?", "எந்த சேனலு?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அக்கா, சங்கரா விற்பவர், மூஞ்சியை முந்தானையால் மூடிக்கொண்டு, "நீ எங்கள வச்சி துட்டு பாக்கறே" என்றார். அன்றைக்கு ஒரு படமும் எடுக்காமல் திரும்பினேன். அடுத்த முறை, பழைய கேமராவில் அவரை எடுத்திருந்த படத்தை 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "கருப்பா எடுத்துகிறியே, அந்தப் பெரிய பொட்டில ஒண்ணு எடு" என்றார். அதிலிருந்து மாதத்துக்கு இருபது பிரிண்டாவது போடுகிறேன். கேமரா செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி காற்று. கடலோரம் இருப்பவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். 2015 டிசம்பர் மழையில் கேமராவை அதன் பையிலேயே போட்டுப் பரணில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கிட் லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தால் உள் கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி கிளைகிளையாக ஓடியிருக்கிறது. பூஞ்சை. அந்த ஃபோம் பை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், கேமராவை வைக்க அதைவிட மோசமான இடம் இல்லை. ஒரு ரிப்பேர் கடையில் 1,200 ரூபாய் கொடுத்துத் துடைத்தேன். நூல் போனது, ஆனால் படத்தின் இடது பக்கம் மட்டும் அன்றிலிருந்து மங்கல். கேட்டால் "முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும்".

அதன்பின் மனைவி அரிசிக்கு வைத்திருந்த, ரப்பர் வளையம் போட்ட காற்றுப் புகாத டப்பா கேமராவின் வீடானது. உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல்லும். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. மழைக்காலத்தில் எங்கள் அறை 85-ஐத் தொடுகிறது. ஜெல்லில் நீல மணி வேண்டாம், அதில் கோபால்ட் கலந்திருக்கும். ஆரஞ்சு வாங்குங்கள். ஈரம் ஏறிப் பச்சை தட்டினால் சமையலுக்கு ஆகாத பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சுக்கு வந்துவிடும். பத்து வருஷத்தில் 35-இல் ஒரு நூல்கூட இல்லை.

இன்னொன்று, ஏசி அறையில் தூங்கவைத்த கேமராவை மே மாத விடிகாலையில் நேரே துறைமுகத்துக்குத் தூக்கிப்போனால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும், அரை மணி நேரம் ஒன்றும் செய்ய முடியாது. முதல் நாள் ராத்திரியே ஹாலுக்கு மாற்றிவிடுங்கள். வீடு திரும்பியதும் பாடியை ஈரத் துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. உப்பு கண்ணுக்குத் தெரியாது. எண்ணூர் முகத்துவாரத்தில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றி, சென்சாரில் தூசி ஏறி, படத்தில் வானம் முழுக்கப் புள்ளியாக வாங்கி வந்த அனுபவமும் உண்டு. புளோயர் வாங்குங்கள், வாயால் ஊதாதீர்கள்.

சென்சார் பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் 'ரா' ஃபைலைப் பற்றி நிறையச் சொல்வார்கள். மஞ்சள் பல்பும் வெள்ளை எல்இடியும் கலந்து எரியும் ஏலக்கூடத்துக்கு அது வேண்டும்தான், நிறத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் நிரம்பும் வேகத்துக்கும் தயாராக இருங்கள்.

இன்றைக்கு வாங்கலாமா என்று ஆபீஸ் பையன்கள் கேட்கிறார்கள். பகலில் எடுத்து போனிலேயே பார்ப்பதானால் கையில் இருக்கும் போனே போதும். பூ, பூச்சி என்று மிகக் கிட்டத்தில் போக என் பழைய சின்ன கேமராவே இன்னும் கெட்டிக்காரன், கிட் லென்ஸுக்குக் கால் மீட்டராவது இடைவெளி வேண்டும். கம்பெனிகள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டதால் புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்கச் சொல்ல மாட்டேன். செகண்ட் ஹேண்டில் எடுப்பதென்றால் டார்ச்சோடு போங்கள், லென்ஸின் உள்ளே அடித்துப் பாருங்கள், உங்கள் பாடியை எடுத்துப்போய் மாட்டிப் பார்க்காமல் லென்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள், விசைப்படகெல்லாம் கரையில். ஏலக்கூடத்தில் கூட்டம் குறைவு, கேமரா டப்பாவிலேயே கிடக்கிறது. நேற்று மார்க்கெட்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். பேத்தி பத்தாவது பாஸாம். "பெரிய பொட்டிய எடுத்துனு வா, ஆனா அந்த லைட்டு அடிக்காத" என்றார்.